எல்லா டெஸ்ட்டும் நார்மல்: இடம் மாறிப் பிறந்த ரத்தக்குழாயின் கதை

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகளில் ஒன்று திண்டுக்கல்லில் இருந்து வந்தது. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் ஒரு தம்பி அனுப்பியிருந்தார். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கணும் என்பதால் தினமும் விடியற்காலையில் ஓடிப் பழகுகிறார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, நல்லா இருக்கிற பசங்க ஓடும்போதே விழுந்து செத்துட்டாங்கன்னு நியூஸ்ல வருதே, முன்னாடியே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடாதா?"

சின்ன பதில்: சில இதய நோய்களில் தெரியும். ஆனால் ஒரு பிரச்சினை இருக்கு, அதில் ஈ.சி.ஜி. நார்மலாக வரும், டிரெட்மில் டெஸ்ட்டும் நார்மலாக வரும், ஆள் பார்க்க ஜம்முன்னு இருப்பார். அது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் தப்பான இடத்தில் இருந்து கிளம்புவது. பிறவியிலேயே வருவது. அதை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் பெரிய பதில். அதுதான் இன்றைய எபிசோட்.

ஒன்றை முதலிலேயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். இது வரலாறு, மருத்துவ ஆலோசனை இல்லை.

குழாய் எங்கே கிளம்பணும்?

இதயம் உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் தன் அறைகளுக்குள் நிரம்பி வழியும் ரத்தத்தில் இருந்து தன் தசைக்குத் தேவையானதை அது நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. தோட்டம் முழுக்கத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கும் கரண்ட் தனி ஒயரில்தானே வருது? அந்த மாதிரி, இதயத்துக்கும் ஒரு தனி லைன் இருக்கு. இதயத்தில் இருந்து கிளம்பும் பெரிய குழாயை டாக்டர்கள் அயோர்ட்டா என்பார்கள், தமிழில் பெருந்தமனி. அதன் அடிவாரத்திலேயே இரண்டு சின்னக் குழாய்கள் பிரிந்து இதயத் தசைக்குத் திரும்பி வருகின்றன. இவைதான் கரோனரி தமனிகள். இடது பக்கக் குழாய் இடது பக்கத்தில் இருந்தும், வலது பக்கக் குழாய் வலது பக்கத்தில் இருந்தும் கிளம்பணும். இதுதான் வழக்கம்.

சிலருக்கு வழக்கம் மாறுகிறது. அதில் பெரும்பாலான மாற்றங்களால் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு கிளை வேறு இடத்தில் கிளம்பி, அயோர்ட்டாவுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகும். அந்த மனிதர் எண்பது வயது வரை வாழ்ந்து, வேறு ஏதோ காரணத்தால் இறப்பார். ஆபத்தான வகை எதுன்னா, இடது குழாய் வலது பக்கத்தில் இருந்து கிளம்பி, அயோர்ட்டாவுக்கும் நுரையீரலுக்குப் போகும் பெரிய குழாய்க்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழைந்து போவது. இப்படிப் போகும் குழாயின் வாய் பல பேருக்கு வட்டமாக இல்லாமல் ஒரு கீறல் மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம் அது அயோர்ட்டாவின் சுவருக்குள்ளேயே ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம் போகும். வேகமாக ஓடும்போது இதயத் தசை பல மடங்கு ரத்தம் கேட்கும். அதே நேரத்தில் அயோர்ட்டா விரிந்து, சுவருக்குள் ஓடும் அந்தப் பகுதி நசுங்கும். தேவை ஏறும் அந்த நிமிடத்தில்தான் சப்ளை குறைகிறது.

இதில் கொழுப்பு அடைப்பு கிடையாது. அதனால்தான் வயதும் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டும் இங்கே உதவாது.

முதல் கட்டம்: செத்த பிறகு தெரிந்தது

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு சர்வர் விழுந்தால், மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து ஏன் விழுந்ததுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதுவோம். அதுக்குப் பேரே போஸ்ட்மார்ட்டம்தான். இந்த நோயைப் பற்றிய ஆரம்பகால அறிவு பெரும்பாலும் நிஜமான போஸ்ட்மார்ட்டங்களில் இருந்து வந்தது.

1933-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று டாக்டர்கள் ஒரு கைக்குழந்தையைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தையின் ஈ.சி.ஜி., மாரடைப்பு வந்த பெரியவர்களுடையதைப் போல இருந்தது. குழந்தை இறந்த பிறகு பார்த்தால், இடது கரோனரி குழாய் அயோர்ட்டாவில் இருந்து கிளம்பவே இல்லை. நுரையீரல் தமனியில் இருந்து கிளம்பியிருந்தது. அதாவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடும் குழாயில் இருந்து. இன்றைக்கும் அந்த நோய் அந்த மூன்று பேரின் பெயரால் அறியப்படுகிறது. அங்கேயாவது ஈ.சி.ஜி. ஒரு துப்புக் கொடுத்தது.

அயோர்ட்டாவில் இருந்தே கிளம்பி, ஆனால் பக்கம் மாறிக் கிளம்பும் வகையில் அந்தத் துப்பும் கிடைக்கவில்லை. ரொம்ப நாள் அதை ஒரு சின்ன உடற்கூறு விநோதம் என்றுதான் நினைத்தார்கள். 1974-ல் செய்ட்லின் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவும் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை அலசி, உடற்பயிற்சிக்குப் பிறகு திடீரென்று இறந்த இளைஞர்களில் இந்த அமைப்பு இருந்ததைக் காட்டினார்கள். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே, இது அவ்வளவு சின்ன கோளாறு இல்லை என்ற பொருளில் எழுதினார்கள்.

1988 ஜனவரி 5. பீட் மராவிச். அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் பெரிய நட்சத்திரம், என்.பி.ஏ.வில் பத்து சீசன் ஆடியவர். ஓய்வுக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் சும்மா நண்பர்களோடு ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். வயது 40. பிரேதப் பரிசோதனையில் அவருக்கு இடது கரோனரி குழாயே இல்லை என்று தெரிந்தது. வலது குழாய் ஒன்றை வைத்துத்தான் அத்தனை வருடம் ஓடியிருக்கிறார். உயர்மட்ட விளையாட்டில் அத்தனை வருடம் இருந்தும், உயிரோடு இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையில் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார். ரேணு விர்மானி, டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போய் உலகின் முக்கியமான இதய நோயியல் நிபுணர்களில் ஒருவராக ஆனவர். 1992-ல் அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 242 பேரின் பதிவுகளைத் தொகுத்தார்கள். அதில் தெளிவாகத் தெரிந்தது: திடீர் மரணம் 30 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களிடம்தான் மிக அதிகம். வலது பக்கத்தில் இருந்து கிளம்பும் இடது குழாய்தான் மிக மோசமான வகை.

2000-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் தம்பியின் கேள்விக்கு நேரடியான பதில். இத்தாலி, அமெரிக்கா இரண்டு நாட்டுப் பதிவுகளில் இருந்து, இந்தக் கோளாறால் இறந்த 27 இளம் விளையாட்டு வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள். 23 பேருக்கு இடது குழாய் இடம் மாறியது, 4 பேருக்கு வலது குழாய். அவர்களில் சாவதற்கு முன்பு ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டவர்கள் 9 பேர். ஒன்பதும் நார்மல். ஓட வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. 6 பேருக்கு எடுத்திருந்தார்கள். ஆறும் நார்மல். அதே நேரத்தில், ஓடும்போது மயக்கம், நெஞ்சு வலி மாதிரி ஏதோ ஒன்று சிலருக்கு முன்பே வந்திருந்தது.

2004-ல் அமெரிக்க ராணுவத்தின் கணக்கு வந்தது. 25 வருடங்களில் பயிற்சிக்கு வந்த சுமார் 63 லட்சம் பேரில், காயம் எதுவும் இல்லாமல் திடீரென்று இறந்தவர்கள் 126 பேர். அவர்களில் 64 பேருக்கு இதயத்தில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு இருந்தது. அந்த 64-ல் 21 பேருக்கு இதே குழாய் பிரச்சினை. இருபத்தொன்றிலும் இடது குழாய் வலது பக்கத்தில் இருந்து கிளம்பி, அந்த நடுச்சந்து வழியாகப் போயிருந்தது. எண்களை இரண்டு பக்கமும் பார்க்கணும். 63 லட்சத்தில் 21 என்பது மிக அரிது. அதே நேரத்தில், ஓடிப் பயிற்சி எடுக்கும் வயதில் இதயத்தால் சாகிற கொஞ்சப் பேரில் இது பெரிய பங்கு.

இரண்டாம் கட்டம்: நிழலில் பார்த்தது

உயிரோடு இருக்கும் மனிதரின் கரோனரி குழாயைப் பார்ப்பது எப்படி? 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கை நரம்பு வழியாகத் தானே ஒரு டியூபை இதயம் வரை செலுத்திக்கொண்டு, நடந்து போய் எக்ஸ்ரே எடுத்தார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1956-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

1958 அக்டோபர் 30, கிளீவ்லாண்ட் கிளினிக். மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் 26 வயது நோயாளி ஒருவரின் வால்வைப் பார்க்க அயோர்ட்டாவுக்குள் டை செலுத்தினார். டியூபின் நுனி தற்செயலாக வலது கரோனரி குழாய்க்குள் நழுவியிருந்தது. சாயம் முழுக்க அதற்குள் பாய்ந்துவிட்டது. இதயம் சில நொடிகள் நின்றே போனது. சோன்ஸ் பதறிப்போய் நோயாளியை இருமச் சொன்னார். இருமினார், துடிப்பு திரும்பியது. அந்த விபத்தின் படத்தைப் பார்த்தபோதுதான், கரோனரி குழாயை உயிரோடு இருக்கும்போதே இவ்வளவு தெளிவாகப் பார்க்கலாம் என்று புரிந்தது. நாம் இன்றைக்குச் சாதாரணமாகச் சொல்லும் ஆஞ்சியோகிராம் அங்கே பிறந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த அலை வந்தது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். 1986-ல் சென்னை அப்போலோவில் மேத்யூ சாமுவேல் களரிக்கல் நாட்டின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். இரண்டுக்குமே முதலில் குழாயைப் பார்க்கணும், அதுக்கு ஆஞ்சியோகிராம் வேணும்.

சோன்ஸ் வேலை பார்த்த அதே கிளீவ்லாண்டில், 1990-ல் ஒரு பெரிய கணக்கு வெளியானது. 1960 முதல் 1988 வரை எடுத்த 1,26,595 ஆஞ்சியோகிராம்களில் 1,686 பேருக்குக் குழாய் அமைப்பு மாறியிருந்தது. கிட்டத்தட்ட 1.3 சதவீதம். பெரும்பாலும் ஆபத்து இல்லாத வகைகள்.

ஆனால் இங்கேதான் சிக்கல். ஆஞ்சியோகிராம் என்பது நிழல். முப்பரிமாணத்தில் இருக்கும் குழாயை ஒரு தட்டையான திரையில் விழ வைக்கிறோம். குழாய் எங்கே கிளம்புது என்று தெரியும். அது அயோர்ட்டாவுக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, அந்தச் சந்துக்குள் போகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏன்னா அந்தப் பெரிய குழாய்கள் படத்திலேயே இல்லை. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் புள்ளி மாதிரி தெரிந்தால் இந்தப் பாதை, கண் மாதிரி வளையம் தெரிந்தால் அந்தப் பாதை என்று டாக்டர்கள் குறுக்குவழி வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் கிளம்பும் இரண்டு குழாய்களில் ஒன்று ஒன்றும் செய்யாது, இன்னொன்று உயிரை எடுக்கும். நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவு அந்தப் புள்ளியை நம்பி நின்றது.

மூன்றாம் கட்டம்: வெளியில் இருந்தே பார்த்தது

1953-ல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் பார்க்கப் பயன்பட்ட ஒலி அலைக் கருவியை இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அதுதான் எக்கோவின் தொடக்கம். கத்தியும் இல்லை, டியூபும் இல்லை. குழந்தைகளுக்கு எக்கோவிலேயே குழாய்களின் ஆரம்பம் தெரியும். வளர வளர நெஞ்சுக்கூடு தடித்து, பார்வை மங்கும். எக்கோ எடுப்பவர் அந்த வாயைத் தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். தேடாவிட்டால் ரிப்போர்ட் நார்மல்.

1971-ல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. ஒரு சுற்றுப் படத்துக்கு ஏறக்குறைய 5 நிமிடம். படம் 80-க்கு 80 கட்டங்கள். தலை ஆடாமல் இருக்கும், சரி. இதயம் ஒரு நொடிக்கு ஒரு முறையாவது துடிக்குதே? ஓடும் ஆளை ஸ்லோ ஷட்டரில் போட்டோ எடுத்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது. ஆகவே அடுத்த முப்பது வருட வரலாறு முழுக்க வேகத்தின் வரலாறு. 2004 வாக்கில் 64 ஸ்லைஸ் மெஷின்கள் வந்தன. குழாய் ஒரு சுற்றுச் சுற்ற 0.33 நொடி. ஈ.சி.ஜி.யோடு இணைத்து, இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் கொஞ்சம் அசையாமல் இருக்கும் தருணத்தை மட்டும் பிடித்தார்கள். துடிப்பைக் குறைக்க முன்னாலேயே மாத்திரை. அடுத்த இரண்டு வருடத்துக்குள் இரட்டை எக்ஸ்ரே குழாய் உள்ள மெஷின் அந்த ஷட்டர் நேரத்தை 83 மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்தது. கையில் ஒரு ஊசி வழியாகச் சாயம், சில நொடி மூச்சைப் பிடித்தல், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ.யும் பக்கத்திலேயே வளர்ந்தது. கதிர்வீச்சு இல்லாமல் இந்தக் குழாய்களின் பாதையைப் பார்க்கலாம் என்று 1995-ல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆஞ்சியோகிராமில் குழம்பிய கேஸ்களில்கூட எம்.ஆர்.ஐ. சரியான பாதையைக் காட்டியது.

இப்போது டாக்டர் கையில் இருப்பது நிழல் இல்லை, சுற்றிச் சுற்றிப் பார்க்கக்கூடிய ஒரு உருவம். குழாயின் வாய் வட்டமா, கீறலா? எந்தச் சந்து வழியாகப் போகுது? சுவருக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஓடுது? சிகிச்சை இந்தப் பதில்களின் மேல்தான் நிற்கிறது. சுவருக்குள் நீளமாக ஓடினால், உள்ளிருந்து அந்தச் சுவரை வெட்டித் திறந்து வாயை அகலமாக்கும் அறுவை சிகிச்சை உண்டு. சுவருக்குள் ஓடவில்லை என்றால் அந்த வழி பயன்படாது, குழாயைக் கழற்றிச் சரியான இடத்தில் தைக்க வேண்டியிருக்கலாம். பின்பக்கமாகச் சுற்றிப் போகுதா? வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

படம் வந்ததும் புதுத் தலைவலியும் வந்தது. வேறு காரணத்துக்கு சி.டி. எடுக்கும் ஐம்பது வயதுக்காரர்களுக்கும் இது தென்பட ஆரம்பித்தது. ஐம்பது வருடம் ஒன்றும் ஆகாதவரின் நெஞ்சைத் திறக்கணுமா? இங்கேதான் இரண்டாவது கேள்வி தேவைப்பட்டது: குழாய் எப்படி இருக்குங்கறது சரி, தசைக்கு ரத்தம் குறையுதா? மருந்து கொடுத்து இதயத்தை ஓடுகிற மாதிரி துடிக்க வைத்து, அப்போதே எம்.ஆர்.ஐ.யில் தசையைப் பார்க்கிறார்கள். இடது குழாய் நடுச்சந்தில் போனால், அறிகுறி இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கின்றன இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல்கள். வலது குழாய் மாறியிருந்து, அறிகுறியும் இல்லை, ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டில் ரத்தக் குறைவும் இல்லை என்றால், கண்காணித்தால் போதும். ஆக, இந்தப் படங்கள் பலரைக் கத்தியில் இருந்து காப்பாற்றவும் செய்கின்றன.

இந்தியாவில் இதே மாதிரி படத்தை நம்பி மருந்து முடிவாகும் இன்னொரு இடம் கவாசாகி நோய். டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானிய டாக்டர் 1967-ல் 50 குழந்தைகளை வைத்து விவரித்த காய்ச்சல் அது. சில குழந்தைகளுக்குக் கரோனரி குழாய் பலூன் மாதிரி வீங்கும். எவ்வளவு வீக்கம் என்று எக்கோவில் அளந்துதான் ரத்தம் உறையாமல் இருக்க எந்த மருந்து, எத்தனை நாள் என்று தீர்மானிக்கிறார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, எக்கோவுக்கு எட்டாத குழாயின் தூரப் பகுதிகளை இரட்டைக் குழாய் சி.டி.யில் பார்த்துத் தொடர்ந்து எழுதி வருகிறது.

சரி, திண்டுக்கல்லுக்கு வருவோம்

தமிழ்நாட்டில் மெஷின் பஞ்சம் பழைய அளவுக்கு இல்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை நடத்துகிறது. 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. முதல்வர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடத்துக்கு ₹5 லட்சம் வரை தருகிறது, இதய அறுவை சிகிச்சையும் அதில் வரும். ஆனால் தலைக்கு எடுக்கும் சி.டி.யும் கரோனரி சி.டி.யும் ஒன்றில்லை. வேகமான மெஷின், ஈ.சி.ஜி. இணைப்பு, அதைப் படிக்கத் தெரிந்த டாக்டர் மூன்றும் ஒரே இடத்தில் சேரணும். அதுக்கு அறுபது கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய இடைவெளி, யார் சந்தேகப்படுவது என்பது. நம் திட்டங்கள் வேறு நோய்களைக் குறி வைத்தவை. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கிடைக்கும். அடைப்புக்கு அது அருமையான ஏற்பாடு, ஆனால் குழாயின் பாதையை மாத்திரை மாற்றாது. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013-ல் வந்தது. அங்கே இதயக் கோளாறுக்கு முதல் துப்பு ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தம். இந்தக் கோளாறில் பெரும்பாலும் சத்தமே வராது.

அப்போ ஓடுகிற எல்லோருக்கும் சி.டி. எடுத்துடலாமா? வேண்டாம். கதிர்வீச்சு இருக்கு, சாயம் இருக்கு, செலவு இருக்கு. 63 லட்சத்தில் 21 என்ற கணக்கை நினைச்சுப் பாருங்க. எல்லோருக்கும் எடுத்தால் ஆபத்தில்லாத விநோதங்கள்தான் குவியும், அதைப் பார்த்துப் பயந்து தேவையில்லாத ஆபரேஷன்களும் நடக்கும்.

ஆகவே தம்பி, உங்களுக்கு என் பதில் இது. ஓடுங்க, பயப்படாதீங்க. ஆனால் ஓடும்போதோ ஓடி முடித்த உடனேயோ மயங்கி விழுந்தாலோ, நெஞ்சைப் பிடித்து அமுக்கினாலோ, அதை "காலையில சாப்பிடல, அதான்" என்று தள்ளிவிடாதீங்க. இறந்துபோன பசங்களின் பதிவுகளில் பல தடவை வந்த ஒரே துப்பு அதுதான். ஓட்டத்தை நிறுத்திட்டு இதய டாக்டரைப் பாருங்க. ஈ.சி.ஜி. நார்மல் என்று சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்க: "சார், கரோனரி குழாய் ரெண்டும் சரியான இடத்துலதான் கிளம்புதான்னு எக்கோவுல பார்த்தீங்களா? தெரியலன்னா சி.டி. எடுக்கணுமா?" இந்த ஒரு கேள்விக்கு பின்னால் அந்த 242 பேரும், 27 பேரும், 21 பேரும் இருக்காங்க.

கூட ஓடுகிறவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பக்கத்தில் ஒருத்தர் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால், தண்ணி தெளிச்சுக்கிட்டு நிற்காதீங்க. ஒருத்தர் 108-க்கு அடிக்கணும், இன்னொருத்தர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, ஆழமாக அமுக்க ஆரம்பிக்கணும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. உங்க கிரவுண்டு குரூப்பில் நாலு பேராவது இதைக் கற்று வைத்துக்கொள்ளுங்க.

அடுத்த எபிசோடில் வேறொரு கேள்வியோடு சந்திப்போம். வாய்ஸ் நோட் அனுப்பிக்கிட்டே இருங்க.